நீர்முள்ளி வளர்ப்பு: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் உதவும் செடி நீர்முள்ளி. மழைக்காலம் தொடங்குமுன் தெரிந்தவர்களுக்கெல்லாம் அதன் விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது என் வழக்கம். வாங்கிப் போனவர்கள் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு வரை இருக்கிறார்கள். சந்தேகம் மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது. போனில் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது ஏரிக்கரைச் செடி என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகள் எழாது. ஏரியில் தண்ணீர் ஏறும், பிறகு இறங்கும், கோடையில் கரை மண் வெடிக்கும். இந்த மூன்றும் இதற்கு வேண்டும்.

நீர்முள்ளின்னா எதுங்க? பாத்தா எப்படித் தெரியும்?

இடுப்பு உயரம் வரை நிமிர்ந்து வளரும் செடி. தண்டு நாலு பட்டையாக, லேசாக ரோமத்தோடு இருக்கும். கணுவுக்குக் கணு நீளமான குறுகிய இலைகள் வட்டமாகச் சூழ்ந்து நிற்கும். அந்த இலைக் கக்கத்தில்தான் மஞ்சள் நிறத்தில் நேரான கூர்முட்கள் இருக்கும். ஒரு முள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் தாராளமாக வரும்.

பூவும் அதே கணுவில், முட்களுக்கு நடுவில்தான். ஊதா கலந்த நீலம். சில இடத்தில் ரோஸ் பக்கம் சாயும். பூவுக்கு மேலுதடு, கீழுதடு என்று இரண்டு உதடு உண்டு. கீழுதட்டின் நடுவில் ஒரு மஞ்சள் திட்டு தெரியும். முள் வட்டமும் மஞ்சள் திட்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தாவரவியலில் இதன் பெயர் ஹைக்ரோபிலா ஆரிகுலாட்டா. குறிஞ்சிச் செடியும் இதே குடும்பம்தான் என்றால் பலர் நம்புவதில்லை, ஆனால் உண்மை.

கண்டங்கத்திரியும் ஊதாப்பூ, முள்ளு. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. கண்டங்கத்திரி தரையோடு படரும், இலையிலேயே முள் இருக்கும், பூ கத்தரிப்பூ மாதிரி விரிந்திருக்கும். வறண்ட இடத்துச் செடி அது. மஞ்சள் பூவோடு வேலியோரம் நிற்கும் செம்முள்ளி நீர்முள்ளிக்குச் சொந்தம்தான், ஆனால் அதற்கு ஈரம் தேவையில்லை. கழிமுள்ளி கடலோரக் கழிமுகத்தில் வளர்வது, சேலத்தில் அதைத் தேட வேண்டாம்.

நர்சரியில "நீர்முள்ளி"ன்னு கேட்டு வாங்கினேன். ஊதாப்பூதான் பூக்குது, ஆனா முள்ளே இல்லையே?

உங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ருயெல்லியா. குறுகிய கரும்பச்சை இலை, புனல் மாதிரி ஊதாப்பூ, காலையில் பூத்து அன்றைக்கே உதிர்ந்துவிடும். அதுவும் ஈரத்தை விரும்பும், அதே குடும்பம்தான். ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. ஒருமுறை வைத்தால் வேரிலும் விதையிலும் பரவி, வாய்க்காலோரத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்ளும்.

நர்சரிக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. முள்ளுச்செடியைக் காசு கொடுத்து வாங்க யாரும் வராததால் அவர்கள் நீர்முள்ளியை வளர்ப்பதே அபூர்வம். ருயெல்லியா ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தொட்டியிலேயே இருக்கட்டும், தரையில் மட்டும் இறக்காதீர்கள்.

இது நம்ம ஊருச் செடிதானா? எங்க போய்ப் பாக்கலாம்?

நம் ஊருச் செடிதான். இந்தியா, இலங்கை தொடங்கி வெப்பமான ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இயல்பாக வளர்வது. தண்ணீர் வந்து வந்து வடியும் இடம் எல்லாம் இதன் இடம்: ஏரியின் உள்கரை, வாய்க்கால் மேடு, வயல் வரப்பு, மழைக்காலத்தில் குட்டை கட்டும் புறம்போக்கு.

ஐப்பசிக்கு மேல் பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கமோ கன்னங்குறிச்சிப் பக்கமோ போகும்போது கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் சேற்றுப் பட்டையைப் பாருங்கள். கல் கட்டாமல் மண்ணாகவே விட்ட சரிவில்தான் தேட வேண்டும். சிமெண்ட் போட்டு நடைபாதை அமைத்த பக்கத்தில் தேடிப் பயனில்லை.

விதைக்கு எங்க போறது? ஏரியில இருந்து செடியவே புடுங்கிட்டு வந்துடலாமா?

பிடுங்க வேண்டாம். வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் வாடிப்போகும், அங்கே வரும் வண்டுக்கும் இரை போய்விடும். மாசி, பங்குனியில் செடி காய்ந்து பழுப்பான பிறகு ஒன்றிரண்டு கணுவை மட்டும் கத்தரியால் வெட்டி எடுங்கள். முள் வட்டத்துக்குள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில் காய் இருக்கும், ஒவ்வொன்றிலும் நாலிலிருந்து எட்டு விதை. ஒரு வீட்டுக்கு அது போதும். கையுறை இல்லாமல் உதிர்க்க முயலாதீர்கள்.

நாட்டு மருந்துக் கடையிலும் நீர்முள்ளி விதை கிடைக்கும். அதை விதைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். விதைக்கலாம், ஆனால் மூட்டையில் எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. கொஞ்சம் அதிகமாகவே தூவிப் பாருங்கள். வனத்துறைக் காட்டுக்குள் மட்டும் எதையும் சேகரிக்கக் கூடாது.

எல்லா விதையும் மாதிரி ராத்திரி ஊறப்போட்டுத்தானே விதைக்கணும்?

இதை மட்டும் செய்யாதீர்கள். விதைமேல் நுண்ணிய ரோமம் படிந்திருக்கும். தண்ணீர் பட்டதுமே அது கொழகொழவென்று பசையாகிவிடும், சப்ஜா விதை மாதிரி. ஊறப்போட்டால் எல்லாம் ஒரே உருண்டையாகி, பிரிக்கவே முடியாது. சேற்றில் விதை அடித்துக்கொண்டு போகாமல் ஒட்டிக்கொள்ளத்தான் அந்தப் பசை. அதனால் அந்த வேலையைச் சேற்றிலேயே செய்ய விடுங்கள்.

உலர்ந்த விதையை உலர்ந்த கையால் எடுத்து, சொதசொதப்பான மண்ணின்மேல் தூவி, விரலால் லேசாக அழுத்தினால் போதும். மேலே மண் மூடுவதாக இருந்தால் விதை மறையும் அளவுக்குத் தூசி மாதிரி. ஆழமாகப் புதைத்த விதை வராது.

எந்த மாசம் விதைக்கிறது?

சேலத்துக்கு ஆடி, ஆவணி சரியான நேரம். ஆகஸ்டு, செப்டம்பரில் நமக்குச் சாயங்கால இடிமழை கிடைத்துவிடும், அதில் நாற்று பிடித்துக்கொள்ளும். பிறகு ஐப்பசி மழையில் செடி பெரிதாகி, கார்த்திகை மார்கழியில் பூ முழுவீச்சில் இருக்கும். மே மாதக் கோடை மழையை நம்பி விதைத்தவர்கள் ஜூன் வெயிலில் நாற்றைக் காப்பாற்ற ரொம்பவே பாடுபட்டார்கள்.

எங்களுக்கு மொட்டை மாடிதான் இருக்கு. தொட்டியில வருமா?

நன்றாகவே வரும், ஆனால் வழக்கமான பூந்தொட்டி வேண்டாம். அதன் அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் ஓடிவிடும், இந்தச் செடிக்கு அது எதிரி. ஓட்டை இல்லாத அகலமான பிளாஸ்டிக் டப், ஒதுக்கிப் போட்ட சிமெண்ட் தொட்டி, அடி ஓட்டையை அடைத்த பழைய வாஷ்பேசின் எதுவும் சரி. ஒரு அடி ஆழமும் ஒன்றரை அடி அகலமும் இருந்தால் மூன்று செடி நிற்கும். ஓட்டையை அடியில் போடாமல், மேல்விளிம்பிலிருந்து மூன்று விரல்கடை கீழே பக்கவாட்டில் ஒன்று போடுங்கள். அடைமழையில் மிச்சத் தண்ணீர் அந்த வழியாகப் போகும், கீழே எப்போதும் ஈரம் நிற்கும்.

மண் விஷயத்தில் தோட்டக்கலைப் புத்தி வேண்டாம். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த லேசான கலவையில் செடி சாய்ந்துவிடும். களி கலந்த கனமான மண்தான் இதற்குப் பிடிக்கும். செம்மண் இரண்டு பங்கு, களிமண்ணோ வண்டலோ ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு கைப்பிடி. ஏரி வண்டல் எடுக்க அரசு அனுமதி வேண்டும். அனுமதி வாங்கி எடுத்த விவசாயி யாராவது தெரிந்தால் ஒரு சாக்கு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயில் குறைந்தது ஆறு மணி நேரம். ஈரமண் நிரம்பிய டப் நல்ல கனம் கனக்கும், ஆகவே மாடியில் நடுவில் வைக்காமல் சுவரோ தூணோ தாங்கும் ஓரத்தில் வையுங்கள்.

தண்ணி நின்னா கொசு வரும், டெங்கு வரும்னு வீட்ல விட மாட்டேங்கிறாங்க.

வீட்டில் சொல்வது நியாயம்தான். ஆனால் நீர்முள்ளிக்குத் தேவை சேறு, மேலே தளும்பும் தண்ணீர் இல்லை. சேற்றில் கொசு முட்டை பொரிந்து வளர முடியாது, அதற்குத் திறந்த நீர் வேண்டும். மேலே சொன்ன பக்க ஓட்டைக்குச் சமமாக மண்ணை நிரப்பி, மேலே ஒரு விரல்கடை மணல் பரப்பிவிட்டால் நீர்ப்பரப்பே தெரியாது.

மழை பெய்து தண்ணீர் மேலே நின்றுவிட்டால் அன்றைக்கே சாய்த்துவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை டப்பைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும். டப்பின் உள்சுவரையும் தேய்த்துவிடுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். சுகாதாரப் பணியாளர்கள் வந்து கேட்டால் தைரியமாகக் காட்டலாம்.

எங்க போர் தண்ணி ஒரே உப்பு. பக்கெட்ல வெள்ளையா படியுது. ஊத்தலாமா?

மாமாங்கம், செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. மாக்னசைட் சுரங்கம் இருக்கும் பூமி, மண்ணும் தண்ணீரும் காரம். நீர்முள்ளி கொஞ்சம் தாங்கும். ஆனால் ஓட்டையில்லாத டப்பில் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் மிஞ்சும். நரம்பு பச்சையாக இருக்க, நரம்புக்கு இடையில் இலை மஞ்சளானால் செடிக்கு இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை அதை உறிஞ்ச விடாது.

மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதை ஊற்றுங்கள். மேட்டூர்க் குடிநீர் வரும் வீடுகளில் அரிசி கழுவிய தண்ணீர் கூடப் போதும். நல்ல மழை நாளில் டப்பை மூடாமல் விட்டால், பக்க ஓட்டை வழியாகத் தண்ணீர் வழிந்து உப்பு கொஞ்சம் கழியும்.

ஏற்காட்டுல வருமாங்க? எங்க காபித் தோட்டத்துல ஓடையோரம் சும்மாதான் கிடக்குது.

அடிவாரம் வரை நன்றாக வரும். கொண்டப்பநாயக்கன்பட்டி, குப்பனூர் பக்கமெல்லாம் கவலையில்லை. ஏற்காடு ஊர் 1,500 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. மார்கழிக் குளிரும் மப்பும், சில்வர் ஓக் நிழலும் சேர்ந்தால் நீர்முள்ளிக்கு ஒத்துவராது. அது வெயில் காயும் சமவெளிச் செடி.

மேலே இருப்பவர்களுக்கு நான் சொல்வது காசித்தும்பை. கடையில் விற்கும் அடுக்குப்பூ வகை வேண்டாம், ஒற்றை இதழாகப் பூக்கும் நாட்டு வகை. பூவுக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு குழல் இருக்கும், அதன் நுனியில்தான் தேன். அடுக்குப்பூவில் இதழ்தான் பெருகியிருக்கும், தேனீக்கு உள்ளே நுழைய வழி குறைவு. ஒற்றைக் காசித்தும்பை ஓடையோர ஈரம், அரைநிழல் இரண்டையும் விரும்பும். மே, ஜூன் மழையில் விதை தூவினால் ஆவணிக்கெல்லாம் பூ. முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை சிதறும், அடுத்த வருடம் தானே முளைத்துக்கொள்ளும்.

ஓடையோரத்தில் உண்ணிச்செடி இருந்தால் அதை முதலில் வேரோடு எடுங்கள். பட்டாம்பூச்சி அதற்கும் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்தச் செடி சேர்வராயன் மலைச் சரிவில் எவ்வளவு இடத்தை விழுங்கியிருக்கிறது என்று பேருந்து ஜன்னலில் பார்த்தாலே தெரியும்.

பூவுக்கு யார் யார் வருவாங்க?

வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் செடிக்கு எதிரே ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். முதலில் கண்ணில் படுவது பளபளவென்ற கருவண்டு. கட்டைவிரல் பருமன், மரத்தில் துளையிட்டுக் குடியிருக்கும் தேனீ இனம். அப்புறம் வயிற்றில் நீலக் கோடு போட்ட சின்னத் தேனீ ஒன்று வரும், ஒரு பூவில் நிற்காமல் விர் விர்ரென்று தாவும். அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, பட்டாம்பூச்சிகள் எல்லாம் அடுத்தடுத்து வரும்.

பூவின் அமைப்பைக் கவனித்தால் இந்த வருகை புரியும். கீழுதடு வண்டு இறங்க மேடை. மஞ்சள் திட்டு வழிகாட்டி. தேன் குழலின் அடியில் இருப்பதால் தலையை உள்ளே விட்டால்தான் எட்டும். அப்போது மேலுதட்டுக்கு அடியில் காத்திருக்கும் நாலு மகரந்தத் தண்டுகள் வண்டின் முதுகில் மாவு தடவி அனுப்பும். அடுத்த பூவில் அது போய்ச் சேரும். கருவண்டில் சில கில்லாடிகள் உண்டு, வாசல் வழியாக வராமல் குழலின் அடியைக் கீறித் தேனை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போய்விடும். பூ அடியில் சின்ன வெட்டு இருந்தால் அவர்கள் வேலைதான்.

ஒற்றைச் செடி வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று சொல்லாதீர்கள். அஞ்சாறு செடி ஒன்றாக நின்றால்தான் தூரத்திலிருந்து வண்டுக்கு அது ஓர் இடமாகத் தெரியும்.

அந்தக் கருவண்டு சத்தமே பயமா இருக்கு. கொட்டுமா?

ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. முகத்துக்கு நேராக வந்து மிரட்டுவது பெரும்பாலும் அதுதான். பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து அழுத்தினால் ஒழியக் கொட்டாது. பூவில் இருக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம். வீட்டு மரச்சட்டத்தில் ஓட்டை போடுகிறது என்றால் ஓட்டையை அடைத்து வார்னிஷ் அடியுங்கள். தோட்டத்து ஓரத்தில் ஒரு காய்ந்த முருங்கைக் கட்டையைப் போட்டுவைத்தால் அங்கே குடிபோகவும் வாய்ப்பு உண்டு.

இதனால எங்க காய்கறிக்கு என்ன பிரயோஜனம்? தேன் ஏதாச்சும் கிடைக்குமா?

தேன் கிடைக்காது. நாலு செடிப் பூவை நம்பிப் பெட்டி வைக்க முடியாது.

காய்கறிக்குப் பிரயோஜனம் உண்டு, குறிப்பாகக் கத்தரிக்கும் தக்காளிக்கும். இவற்றின் மகரந்தப் பை நுனியில் சின்னத் துளை மட்டும்தான் திறக்கும், உலுக்கினால்தான் மாவு கொட்டும். தேன் தரும் தேனீக்கு அப்படி உலுக்கத் தெரியாது. கருவண்டும் நீலக்கோட்டுத் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மாவைக் கொட்டவைக்கும். கத்தரிப் பூவில் ஆனால் தேன் இல்லை, மகரந்தம் மட்டும்தான். தேனுக்கு வேறு பூ பக்கத்தில் இருந்தால் அவை அந்த வட்டாரத்திலேயே சுற்றும். மார்கழி, தை மாதத்தில் மாடித் தோட்டத்தில் கத்தரி போடுபவர்களுக்கு நீர்முள்ளி நல்ல துணை.

இலையெல்லாம் முள்ளு முள்ளா கருப்புப் புழு. பாதி இலையக் காணோம். என்ன மருந்து அடிக்கிறது?

ஒன்றும் அடிக்காதீர்கள். அது வசீகரன் பட்டாம்பூச்சிகளின் புழு. மயில் வசீகரன், சாம்பல் வசீகரன் போன்றவை முட்டையிடத் தேடி வரும் செடிகளில் நீர்முள்ளி முக்கியமானது. புழுவின் உடம்பில் கிளைத்த முள் இருந்தாலும் முருங்கைக் கம்பளிப்பூச்சி போல அரிப்பு தராது. இலை போனாலும் செடி திரும்பத் துளிர்க்கும்.

மயில் வசீகரன் ஆரஞ்சு நிறத்தில், இறக்கையில் பெரிய கண் வரைந்தது போல இருக்கும். மழைக்காலத்தில் பிறந்தவற்றின் அடிப்பக்கத்தில் கண்கள் தெரியும். வறண்ட காலத்தில் பிறந்தவை இறக்கையை மூடினால் சருகு. ஒரே செடியில் இரண்டையும் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது.

வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று கேட்பார்கள். புழுவுக்கு அது விஷம்தான். மாவுப்பூச்சி வந்தால் அந்தக் கணுவை மட்டும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். தெருவில் கொசுப்புகை அடிக்க வரும்போது ஈரத்துணி ஒன்றைச் செடிமேல் போட்டுவிட்டு, புகை அடங்கியதும் எடுங்கள்.

சின்னக் குழந்தைங்க இருக்கிற வீடு. முள்ளு குத்திடாதா?

குத்தும். மழுப்ப விரும்பவில்லை, வழியிலோ துணி காயவைக்கும் இடத்திலோ இது வேண்டவே வேண்டாம். மூலையில், முன்னால் இன்னொரு தொட்டி வரிசை இருக்கும்படி வைக்கலாம். பாம்பு வருமா என்றால், முள்ளுக்காக வராது. எலியும் தவளையும் இருந்தால் எந்தப் புதருக்கும் வரும்.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் நீர்முள்ளி தருவதே இல்லை, பொடுதலை கொடுத்துவிடுகிறேன். அதுவும் ஏரிக்கரை ஈரத்தில் படரும் செடி, முள் கிடையாது. பூ மிளகளவுதான். ஆனால் சின்னப் பட்டாம்பூச்சிகள் நாள் முழுக்க அதில்தான் கிடக்கும். வசீகரன்கள் அதிலும் முட்டையிடும்.

செடி புதர் மாதிரி வந்துருச்சு, ஆனா பூவே காணோம்.

உரம் போட்டீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். யூரியாவோ, வாராவாரம் பஞ்சகவ்யமோ ஊற்றினால் இலையாகத்தான் போகும். அடுத்தது நிழல். இரண்டும் இல்லையென்றால் தண்ணீர்.

ஏரியில் இந்தச் செடி நீர் ஏறும்போது வளர்ந்து, நீர் இறங்கும்போது பூத்து, மண் காயும்போது காய்க்கிறது. நீங்கள் கார்த்திகைக்குப் பிறகும் டப்பைத் தளும்பத் தளும்ப வைத்திருந்தால் அதற்கு ஐப்பசி முடியவே இல்லை. தீபாவளி கழிந்து இரண்டு மூன்று வாரத்தில் ஊற்றும் தண்ணீரைக் குறையுங்கள். மேல்மண் லேசாக இறுகட்டும், உள்ளே ஈரம் இருந்தால் போதும். பொங்கலுக்குப் பிறகு இன்னும் குறையுங்கள்.

கிட்னி கல்லுக்கு நல்லதுன்னு சொல்றாங்க. வேரைக் கஷாயம் வெச்சுக் குடிக்கலாமா?

சித்த மருத்துவத்தில் நீர்முள்ளிக் குடிநீர் என்றே ஒன்று உண்டு. சிறுநீர் பெருக்கவும் உடம்பில் நீர் கோத்த வீக்கத்துக்கும் கொடுப்பார்கள். அளவும் சேர்மானமும் சித்த மருத்துவர் சொல்ல வேண்டியது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் சொந்தமாக எதையும் காய்ச்சிக் குடிக்காதீர்கள்.

ஏரி, ஓடைச் செடியை மருந்துக்குப் பறிப்பது அதைவிட மோசம். திருமணிமுத்தாறு சேர்வராயனில் பிறந்து ஊருக்குள் வரும்போது சாக்கடையும் சாயக்கழிவும் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சேற்றில் நின்ற செடி எதை உறிஞ்சியிருக்கும் என்று யோசியுங்கள். அங்கிருந்து விதைக்கு எடுக்கலாம், வாய்க்கு வேண்டாம்.

இது ஒரு களைன்னு எங்க மாமா சொல்றார். ரொம்பப் பரவிடாதா?

நெல் வயலில் களைதான், உங்கள் மாமா சொல்வது சரி. ஆத்தூர் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் வாய்க்கால் தலைப்பில் இதை விதைக்க வேண்டாம், விதை தண்ணீரோடு வயலுக்குப் போகும். வீட்டில் பரவுவது பெரிய விஷயமில்லை. ஈரம் இருக்கும் இடத்தைத் தாண்டி இது போகாது, நாற்றாக இருக்கும்போது விரலால் பிடுங்கிவிடலாம். ஏரியை மூடும் ஆகாயத்தாமரையோடு இதைச் சேர்த்துப் பேசாதீர்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து தண்ணீரையே மறைப்பது, இது கரையில் நிற்பது.

எங்க ஏரியாவுல இருக்கிற ஏரியில நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்து விதைக்கலாமா?

2010 வாக்கில் மூக்கனேரியைச் சீரமைக்க மக்கள் இறங்கி வேலை செய்ததிலிருந்து சேலத்தில் இந்த ஆர்வம் குறையவில்லை, சந்தோஷம். ஆனால் நீர்முள்ளி விஷயத்தில் விதைப்பதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் சும்மா பாருங்கள். பழைய ஏரி என்றால் சேற்றில் ஏற்கெனவே விதை கிடக்கும். கரையோரத்தைப் பொக்லைனால் செங்குத்தாக வெட்டாமல், குப்பை கொட்டாமல் விட்டாலே முளைக்கும் வாய்ப்பு அதிகம்.

நடைபாதையும் கல்கட்டும் வேண்டும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஒரு பக்கமாவது மண்சரிவாக விடச் சொல்லிக் கேளுங்கள். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ, மாநகராட்சியோ நீர்வளத் துறையோ ஊராட்சியோ, அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதற்குப் பிறகும் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் அதே வட்டாரத்து ஏரி விதையைத் தூவலாம்.

போன வருஷம் அமோகமா வந்துச்சு. விதையும் அதுவாவே விழுந்துச்சு. இந்த வருஷம் ஒண்ணுகூட முளைக்கல, ஏன்?

செடி செத்தது இயற்கை, பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் அதன் ஆயுள் முடியும். கேள்வி விதையைப் பற்றியது. கோடையில் டப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தீர்களா? சேலத்துச் சித்திரை வெயிலில் மண் காய்ந்து வெடித்துக் கிடக்கட்டும், விதைக்கு அது பழகியதுதான். ஈரத்திலேயே கிடந்தால் விதை அழுகிவிடும் அல்லது ஆளில்லாத நேரத்தில் முளைத்துச் சாகும்.

இன்னொரு காரணம், மேலே புது மண்ணோ இலைச்சருகோ போட்டு மூடியிருப்பீர்கள். ஆழத்தில் போன விதை வராது என்று முன்பே சொன்னேன். மேல்மண்ணை அரை விரல்கடை ஆழத்துக்கு மட்டும் கீறிவிட்டு, ஈரப்படுத்தி, வெயிலில் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ஆவணி முடிவதற்குள் வேறு விதை வாங்கித் தூவிவிடுங்கள், புரட்டாசி பிறந்துவிட்டால் செடி சிறுத்துத்தான் பூக்கும். இந்த முறை கொஞ்சம் விதையைக் காகித உறையில் தனியாக எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வேர்த்துவிடும்.